முழம் போடும் கை

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை உங்கள் கை என்ன நீளம் என்று என்றைக்காவது அளந்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். நமக்கு அதற்கு என்ன அவசியம்? ஆனால் அந்த நீளத்தையே நம்பி ஜீவனம் நடத்துகிறவர்கள் எங்கள் மதுரையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பூக்காரிகளைத்தான் சொல்கிறேன். ஜவுளிக்கடைக்காரருக்கு மீட்டர் கோல் உண்டு. பால்காரருக்கு அளவுக் குவளை உண்டு. பூக்காரிக்குத் தன் கையே கோல். சர்க்கார் முத்திரை குத்தாத கோல்! "உன் கை குட்டைக் கை, இன்னும் கொஞ்சம் விடும்மா" என்று பேரம் பேசாத வீட்டு அம்மாள் யாராவது உண்டா?

அந்தக் கோல் ஒரு நாள் மடங்கி, நிமிராமலே நின்றுவிட்டால்?

எங்கள் ஆனையூரில் அப்படித்தான் நடந்தது. ஆனையூர் ஒரு காலத்தில் தனி நகராட்சி. 2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. சேர்ந்தாலும் தெருமுனைப் பிள்ளையாரும், அவர் வாசலில் பூக்கூடையும் அப்படியேதான் இருந்தன. விடிவதற்கு முன் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போய் மல்லிகை வாங்கி வந்து, எட்டு மணிக்குள் பத்து முழம் கட்டிவிடுகிற பூக்காரம்மா ஒருத்தி அங்கே இருந்தாள். அறுபது வயதிருக்கும். பேச்சில் சூரி. போன வருஷம் மார்கழியில் ஒரு காலை, கட்டிக்கொண்டிருந்த சரம் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

பக்கவாதம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள், உயிர் பிழைத்தது. வாய்ப்பேச்சும் பிழைத்தது. கால் கூடச் சில வாரங்களில் தடி ஊன்றி நடக்கும் அளவுக்கு வந்துவிட்டது. இடது கைதான் மார்போடு மடங்கிக்கொண்டு, விரல்களை இறுக்கி மூடிக்கொண்டு, "வரமாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தது.

அக்கம்பக்கத்தார் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள்: "மருமக பூக் கட்டட்டும். நீ உக்காந்து காசை வாங்கிப் போடு." அன்றிலிருந்துதான் அவள் பேச்சுக் குறைந்தது. கை போனபோது அழாதவள், இந்த யோசனையைக் கேட்டு அழுதாளாம். மருமகள் சொன்னாள்.

*

ஒரு நாள் சாயங்காலம் பூக்காரம்மா வீட்டு வாசலில் இரண்டு மாணவர்கள் நிற்பதைக் கண்டேன். ஒரு பெண், ஒரு பையன். பிஸியோதெரபி கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவர்கள். கையில் ஒரு பெட்டி. நானும் ஆர்வம் தாங்காமல் உள்ளே நுழைந்துவிட்டேன். (அழைக்காத வீட்டில் நுழைவது தப்புத்தான், ஆனால் இந்தப் பக்கத்துக்கு விஷயம் கிடைப்பதெல்லாம் அப்படி நுழைந்த இடத்தில்தான்!)

அவர்கள் படிக்கிற பாடங்களில் 'கைனீசியாலஜி' என்று ஒன்று உண்டு. கிரேக்க மொழியில் 'கினேசிஸ்' என்றால் அசைவு. தமிழில் உடலியக்க இயல் என்று சொல்லலாம். மேல்நாடுகளில் இதற்கென்றே தனிப் பட்டம் இருக்கிறது. நம் ஊரில் பிஸியோதெரபி மாணவர்களும், உடற்பயிற்சிக் கல்லூரி மாணவர்களும் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வாயில் வைக்கிறீர்களே, அதில் தோள் எவ்வளவு உயர்ந்தது, முழங்கை எப்போது மடங்கியது, எந்தத் தசை இழுத்தது, எது விட்டுக்கொடுத்தது என்று கணக்குப் பார்க்கிற சாஸ்திரம் அது.

பெட்டியைத் திறந்தார்கள். நீச்சல்காரர் கண்ணாடியைப் பத்து மடங்கு பெரிதாக்கினாற்போல் ஒரு கருவி. இதை மாட்டிக்கொண்டால் கண்ணுக்கு முன்னால் வேறொரு உலகம் தெரியும். தலையைத் திருப்பினால் அந்த உலகமும் திரும்பும். 'வர்ச்சுவல் ரியாலிட்டி' என்கிறார்கள். மெய்நிகர் உலகம் என்று தமிழில் பெயர். புதிதென்று நினைக்காதீர்கள். 1968-லேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்டு என்ற விஞ்ஞானி இப்படி ஒன்றைச் செய்துவிட்டார். அதன் கனத்தைத் தலை தாங்காது என்று கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள்! அதற்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் 'டமாக்ளீஸின் வாள்' - தலைக்கு மேலே தொங்கும் கத்தி. இன்று அது ஒரு பெட்டிக்குள் அடங்கி ஆனையூருக்கு வந்துவிட்டது.

மாணவி முதலில் ஒரு காகிதத்தைத் தமிழில் நிதானமாகப் படித்துக் காட்டினாள். இது ஆராய்ச்சி; பிடிக்காவிட்டால் எந்த நாளும் நிறுத்திக்கொள்ளலாம்; வழக்கமான பயிற்சி எதுவும் இதனால் நிற்காது; தலை சுற்றினால் உடனே சொல்ல வேண்டும். பூக்காரம்மா வலது கையால் கையெழுத்துப் போட்டாள். கை வைத்த நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணாடியை மாட்டினார்கள்.

"ஐயோ, தாயி! வீட்டைக் காணோமே!" என்று அலறினாள்.

"பயப்படாதீங்க, பாட்டி. தோட்டம் தெரியுதா? எதிர்ல ஆப்பிள் மரம் இருக்கு. இடது கையால எட்டிப் பறிங்க, பார்ப்போம்."

"எங்கிட்டு எட்ட? கைதான் வரலையே, ராசாத்தி."

"வர்ற வரைக்கும் வரட்டும்."

ஒரு சாண் வந்தது. அந்த ஒரு சாண் அசைவுக்கே தோட்டத்தில் ஓர் ஆப்பிள் கூடையில் விழுந்தது. பாட்டியின் வாய் ஓரத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

*

"பொய்த் தோட்டத்தில் பொய்ப் பழம் பறித்தால் மெய்யான கை எப்படித் தேறும்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

பக்கவாதத்தில் கெட்டுப்போவது கை அல்ல. கைக்கு உத்தரவு போடுகிற மூளையின் ஒரு பகுதிதான் ரத்தம் கிடைக்காமல் பழுதாகிறது. தந்தியாபீஸ் எரிந்துவிட்டது, ஊர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூளைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பக்கத்தில் மிஞ்சியிருக்கிற பகுதிகள் மெல்ல மெல்ல அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். கற்க வேண்டுமானால் அசைவு திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். ஐந்து தடவை, பத்துத் தடவை போதாது. நூற்றுக்கணக்கில் வேண்டும்.

இங்கேதான் சங்கடம். 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சிகிச்சை நேரத்தில் பக்கவாத நோயாளிகள் உபயோகமான கை அசைவை எத்தனை தடவை செய்கிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணினார்கள். சராசரி 32! மிருகங்களை வைத்துச் செய்த சோதனைகளிலோ மூளை மாற நூற்றுக்கணக்கான தடவைகள் தேவைப்பட்டன. 32-க்கும் அதற்கும் நடுவில் எவ்வளவு தூரம், பாருங்கள். வைத்தியர் மேல் குற்றமில்லை. நோயாளி மேலும் குற்றமில்லை. அலுப்பு! "கையைத் தூக்கு, இறக்கு, தூக்கு, இறக்கு" என்றால் யாருக்குத்தான் அலுக்காது? அதையே விளையாட்டாக்கிவிட்டால் அலுப்பு கொஞ்சம் மறக்கிறது. அன்றைக்கு அரை மணியில் பாட்டி பறித்தது 140 ஆப்பிள். பையன் எண்ணிக் குறித்துக்கொண்டான்.

மனத்தை ஏமாற்றி உடம்புக்கு நன்மை செய்வது வேறு இடங்களிலும் நடக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது, இதே கண்ணாடியில் பனிமலையைக் காட்டி, பனிக்கட்டிப் பந்து எறிந்து விளையாட வைத்தார்கள். மனம் பனியில் அலைந்த நேரத்துக்கு வலி குறைந்தது என்று கண்டார்கள். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் மெய்யின் வரிசையில் வைக்கலாம் என்று வள்ளுவரே அனுமதி கொடுத்திருக்கிறார் அல்லவா?

*

இரண்டு வாரம் கழித்து விவகாரம் ஆரம்பித்தது. பாட்டி கண்ணாடி மாட்ட மறுத்துவிட்டாள்.

"தெனம் ஆப்பிள் பறிச்சு நான் என்னம்மா செய்யப் போறேன்? எங்க பரம்பரையில எவ ஆப்பிள் தோட்டம் வச்சிருந்தா? எனக்குப் பூக் கட்டணும்."

வேறு யாராவதாயிருந்தால், "கிழவி ஒத்துழைக்கவில்லை" என்று நோட்டில் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு பாட்டியின் மருமகளைப் பார்த்து, "அக்கா, ஒரு முழம் கட்டிக் காட்டுறீங்களா?" என்று கேட்டாள். மருமகள் கட்டக் கட்ட, இவள் தரையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டே போனாள். இடது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மொட்டைப் பிடிக்கின்றன. நசுக்கக் கூடாது, நழுவவும் கூடாது. மணிக்கட்டு லேசாக மேல்நோக்கி நிற்கிறது. வலது கை நூலைச் சுற்றி இழுக்கும்போது இடது கை எதிர்த்துத் தாங்குகிறது. கடைசியில், முழம் போடும்போது, முழங்கை நீள்கிறது, விரல்கள் விரிகின்றன.

நாம் தினமும் பார்க்கிற காட்சிதானே? ஆனால் பரீட்சைக்குப் படித்த பாடம் அன்றைக்குத்தான் தனக்கு விளங்கியது என்று அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து ஏற்பாடு மாறியது. கண்ணாடி இருபது நிமிஷம். கழற்றியவுடன் ஒரு தட்டில் நிஜ மல்லிகை மொட்டு. முதலில் எடுத்து வைத்தால் போதும். பிறகு இரண்டிரண்டாகப் பிடிக்க வேண்டும். முதல் நாள் பாட்டி நசுக்கியதே அதிகம். "காசைக் கசக்கிப் போடுறேனே" என்று அங்கலாய்த்தாள். ஆனால் நிறுத்தவில்லை.

ஒரு நாள் கரண்டு போயிற்று. கருவியிலும் சார்ஜ் இல்லை. மாணவி சளைக்கவில்லை. "அக்கா, வீட்ல முகம் பார்க்கிற கண்ணாடி இருக்கா?" என்று கேட்டு வாங்கி, பாட்டியின் இரண்டு கைகளுக்கும் நடுவில் மேஜைமேல் நிறுத்தினாள். இடது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. வலது கையை விரித்து மூடச் சொன்னாள். கண்ணாடியில் தெரிந்த பிம்பமோ, இடது கையே விரிந்து மூடுவதுபோல் இருந்தது! பாட்டி கண் கொட்டாமல் பார்த்தாள். "ஏங் கையி!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இந்தத் தந்திரம் யார் கண்டுபிடித்தது தெரியுமா? நம் தமிழர் ஒருவர்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து, அமெரிக்காவில் ஸான்டியாகோவில் பேராசிரியராயிருந்த டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்ட சிலருக்கு, இல்லாத கை இருப்பதுபோலவும், அது இறுக மூடிக்கொண்டு நகம் உள்ளங்கையில் குத்துவது போலவும் வேதனை இருக்கும். இல்லாத கையை எப்படி விரிப்பது? ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். விரிந்தது பிம்பம், சிலருக்கு வேதனையும் விட்டது. 1996-இல் இதை வெளியிட்டபோது அந்தப் பெட்டிக்கு அவர் கொடுத்த பெயரே 'வர்ச்சுவல் ரியாலிட்டி பெட்டி'தான்! மின்சாரமில்லை, கம்ப்யூட்டரில்லை. 1999-இல் அவரும் கூட்டாளிகளும் பக்கவாதக்காரர்கள் ஒன்பது பேரிடம் கண்ணாடியைச் சோதித்து, பலன் இருக்கிறதென்று எழுதினார்கள். ஒன்பது பேரில் ஆரம்பித்தது இன்று உலகமெங்கும் பிஸியோதெரபி பாடமாகிவிட்டது.

*

இதைப் படித்துவிட்டு, கடன் வாங்கியாவது அந்தக் கருவியை வாங்கிவிடலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். 2017-இல் காக்ரேன் என்ற அமைப்பு, 72 சோதனைகளை, மொத்தம் 2,470 நோயாளிகளின் கணக்கை, ஒன்றாக வைத்து அலசிப் பார்த்தது. வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக மெய்நிகர் விளையாட்டைக் கொடுத்தால் கைக்கு விசேஷ லாபமில்லை. வழக்கமான பயிற்சியோடு கூடச் சேர்த்துக் கொடுத்தால், பயிற்சி நேரம் கூடுவதால், பலன் இருக்கலாம் என்று முடிவு சொன்னது. அதாவது மாயக் கண்ணாடி சாப்பாடு இல்லை, ஊறுகாய். சாதத்தை இறக்க உதவும். ஊறுகாயே சாதமாகாது.

சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 'புளூட்டோ' என்று ஒரு கைப் பயிற்சிக் கருவி செய்திருக்கிறார்கள். ஒரே ஒரு மோட்டார்தான். மணிக்கட்டுக்கு ஒரு பிடி, விரல் விரிக்க ஒரு பிடி என்று மாற்றி மாற்றிப் பொருத்தி, திரையில் விளையாடிக்கொண்டே பழகலாம். நம் ஊர் நோயாளிக்கு, நம் ஊர் ஆஸ்பத்திரிக்குத் தோதாக எது வேண்டும் என்று யோசித்ததன் பலன் அது. பாட்டிக்கு ஆப்பிளை விட்டு மல்லிகையை எடுத்தாளே அந்த மாணவி, அவளுக்கும் இதே புத்திதான்.

எதற்காகத் தேற வேண்டும் என்று தெரிந்த கை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு மதுரைக்காரர்கள் வெளியூர் போய்ச் சாட்சி தேட வேண்டாம். டாக்டர் ஜி. வெங்கடசாமியைத் தெரியாதவர் யார்? 1918-இல் வடமலாபுரத்தில் பிறந்து, அதே ஸ்டான்லியில் படித்தவர். முப்பது வயதில் மூட்டுவாதம் வந்து, விரல்களெல்லாம் கோணி முறுக்கிக்கொண்டன. பிரசவ வைத்தியராக வேண்டும் என்ற ஆசை போயிற்று. படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தவர், கண் வைத்தியம் படித்தார். அந்தக் கோணல் விரல்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன்கள் செய்தார்! உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இன்று உலகப் பிரசித்தம். 2006-இல் அவர் காலமானார். அவர் விரல்கள் கடைசி வரை நிமிரவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிராத விரல்களே அவ்வளவும் செய்தன.

*

உங்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தை. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை திடீரென்று தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தடவிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து கொடுக்க நாலரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சியை விடாதீர்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிஸியோதெரபி வீடு தேடி வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "நீங்க சும்மா உக்காருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அந்த அன்பு கையைக் கட்டிப்போடுகிற கயிறு. "இந்தப் பயறைப் பொறுக்குங்கம்மா", "இந்தத் துண்டை மடியுங்கப்பா" என்று ஏதாவது வேலையைக் கொடுங்கள். பாதி சிந்தினாலும் பரவாயில்லை.

பாட்டி என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? ஆறு வாரத்தில் மாணவர்களின் ஆராய்ச்சி முடிந்தது. "கண்ணாடியினால் தேறினாங்கன்னு எழுதிடாதீங்க, ஸார்" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டுக்கொண்டாள். "முதல் சில மாசத்துல தானாகவும் கொஞ்சம் தேறும். ஒருத்தரை வச்சு முடிவு சொல்லக் கூடாது." படித்த பிள்ளை. வாய்மை தெரிந்த பிள்ளை. ஆகவே எழுதவில்லை.

பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை பிள்ளையார் வாசலில் கூடையோடு பாட்டி உட்கார்ந்திருந்தாள். முன்போல் எட்டு மணிக்குள் பத்து முழமெல்லாம் இல்லை, இரண்டு முழம்தான். மீதி மருமகள் கட்டியது. "எனக்கு நீங்க கட்டினதே கொடுங்க" என்றேன். சரத்தின் நுனியை இடது கை விரல்களில் கொடுத்து, முழங்கையை மெள்ள மெள்ள நீட்டினாள். முக்கால்தான் நீண்டது. அதற்கு மேல் வரவில்லை.

நான் பேசாமல் காசை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சரத்தை இன்னும் நாலு விரற்கடை தாராளமாக விட்டு, வலது கையால் நறுக்கி, இலையில் வைத்தாள்.

"இப்ப ஏங் கை கொஞ்சம் குறைச்சல், சாமி. அளவுல ஆரையும் ஏமாத்தக் கூடாதுல்ல?" என்றாள்.

அன்றைய தினம் நான் வாங்கிய முழம், சரியாக ஒரு முழம்.